ஒருத்தரும் தேடி வரலையா?

அல்லிநகரத்தில் வீரப்ப அய்யனார் கோயில் சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு எங்கள் தெருவில் டெக் எடுப்பார்கள். தெருவுக்கே வரி பிரித்து, ஒரு கலர் டி.வி.யும் டெக்கும் நான்கு கேசட்டும் தேனியிலிருந்து வாடகைக்கு வரும். சாக்கும் பாயும் விரித்து விடிய விடியப் படம் ஓடும். முதல் படம் சாமி படம், இரண்டாவது எம்.ஜி.ஆர். படம். குழந்தைகள் தூங்கிப்போன பிறகு ஓடும் மூன்றாவது படம்தான் இளவட்டங்களின் தேர்வு. அந்த வருடம் அது ‘சிகப்பு ரோஜாக்கள்’. எனக்குப் பத்து வயது. தூங்குவதுபோல் அப்பத்தா மடியில் கிடந்து முழுப் படத்தையும் பார்த்தேன்.

படத்தை எடுத்த பாரதிராஜா எங்கள் ஊரில் பிறந்தவர் என்பதால் டைட்டிலில் அவர் பெயர் வந்தபோது விசில் பறந்தது. பிறகு எல்லோரும் அடங்கிப்போனார்கள். பங்களாவும் கறுப்புப் பூனையும் ரோஜாத் தோட்டமுமாகப் படம் போனது. பூச்செடிகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தபோது பெண்கள் பக்கமிருந்து “அய்யோ” என்ற சத்தம் மட்டும் கேட்டது. படம் முடிந்ததும் என் அப்பத்தா, யாரைப் பார்த்தும் இல்லாமல் பொதுவாக ஒரு கேள்வி கேட்டது.

“ஏத்தா, இம்புட்டுப் பொம்பளையப் பொதைச்சிருக்கான். ஒருத்தியத் தேடிக்கூட ஒருத்தரும் வரலையா? ஆத்தா அப்பன் இல்லாமலா பொறந்தாளுக?”

“படத்தப் பாத்தமா போனமான்னு இரு ஆத்தா” என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கேசட்டைப் போட்டுவிட்டார்கள்.

இத்தனை வருடங்களில் இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இளையராஜாவின் பின்னணி இசை, பி.எஸ்.நிவாஸின் ஒளிப்பதிவு, கிராமத்துப் படம் மட்டுமே எடுக்கத் தெரிந்தவர் என்ற பேச்சுக்குப் பாரதிராஜா கொடுத்த பதில் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாமே சரிதான். ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா கேட்ட கேள்வியை யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

‘16 வயதினிலே’ 1977-இல் வந்தது. ‘கிழக்கே போகும் ரயி’லும் ‘சிகப்பு ரோஜாக்க’ளும் 1978-இல் வந்தன. மூன்றாவது படத்திலேயே பாரதிராஜா வயக்காட்டை விட்டு நகரத்துப் பங்களாவுக்குள் நுழைந்துவிட்டார்.

கதை தெரியாத மாணவிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திலீப் பணக்காரத் தொழிலதிபன். பெண்களைப் பேசி மயக்கித் தன் பங்களாவுக்குக் கூட்டிவருகிறான், கொல்கிறான், தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜாச் செடி வைக்கிறான். கொலைகள் படம் பிடிக்கப்படுகின்றன. அவனை வளர்த்த கிழவர் அவற்றைப் பார்த்து ரசிக்கிறார். துணிக்கடையில் வேலை பார்க்கும் சாரதா என்ற பெண்ணைத் திலீப் விரும்புகிறான். கல்யாணம் செய்தால்தான் எதுவும் என்று அவள் உறுதியாக நிற்க, அவளை மணந்து பங்களாவுக்கு அழைத்துவருகிறான். அவன் இல்லாத நேரத்தில், ஓர் அறையின் சுவரில் எழுதப்பட்டிருக்கும் அவனுடைய கடந்த காலத்தைச் சாரதா படித்துவிடுகிறாள். பிறகு துரத்தல், இடுகாடு, சிறை.

திகில் படத்துக்கு ஒரு வீடும் நாலைந்து ஆட்களும் இருட்டும் போதும். அதனால்தான் கையில் காசில்லாதவர்கள் உலகமெங்கும் திகில் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். இதே 1978-இல் அமெரிக்காவில் ஜான் கார்பென்டர் சுமார் 3 லட்சம் டாலரில் ‘ஹாலோவீன்’ எடுத்தார். ஒரு தெரு, இரண்டு மூன்று வீடுகள், முகமூடி போட்ட ஒருவன், அவ்வளவுதான். ஹிட்ச்காக் 1960-இல் ‘சைக்கோ’வை எடுத்தபோது தன் தொலைக்காட்சித் தொடரின் ஆட்களை வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் சிக்கனமாக முடித்தார். தனித்திருக்கும் வீடு பணத்தை மிச்சப்படுத்தும். ஊர், கூட்டம், கடைவீதி எதையும் காட்ட வேண்டாம்.

ஆனால் ஊரைக் காட்டாமல் விடும்போது ஊரின் பொறுப்பும் காணாமல் போய்விடுகிறது. ஒரு பெண் செத்தால் அது அந்தக் கொலைகாரனுக்கும் அவளுக்கும் இடையிலான விஷயமாகச் சுருங்கிவிடுகிறது. கூட வேலை பார்த்தவள், வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரம்மா, ஊரிலிருந்து கடிதம் போட்டுப் பதில் வராமல் தவிக்கும் அம்மா என்று அவளோடு சேர்ந்திருந்த உலகம் முழுவதும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது. ‘சிகப்பு ரோஜாக்க’ளில் ஹோட்டல் பணியாள் ஒருவனுக்குத் திலீப் மீது சந்தேகம் வருகிறது. அவனுக்கு வேண்டியது காசு. திரும்பத் திரும்பப் பார்த்தும் அந்தத் தோட்டத்து வாசலில் ஓர் அம்மா வந்து நின்ற காட்சி எனக்கு அகப்படவில்லை. அப்பத்தா பார்த்தது இதைத்தான். அந்தப் பங்களா காட்டுக்குள் இல்லை, நகரத்தில் இருக்கிறது. கேட்க ஆள் வராததால்தான் அது தனி வீடாக இருக்கிறது.

*

இந்தப் படத்தில் யாருக்குக் குழந்தைப் பருவம் கிடைக்கிறது என்று பாருங்கள். திலீப்புக்குக் கிடைக்கிறது. அநாதைச் சிறுவனாக ஒரு வீட்டில் அடைக்கலம் புகுகிறான். அந்த வீட்டுப் பெண் அவனைச் சீண்டிவிட்டு, மாட்டிக்கொண்டதும் பழியை அவன் மேல் போடுகிறாள். அடிபட்டு வெளியேறுகிறான். அடுத்துப் போய்ச் சேரும் வீட்டில் எஜமானின் மனைவி வேறொருவனோடு இருக்கிறாள். எஜமான் கத்தியை எடுக்கிறார். சிறுவன் அவரைக் குத்தச் சொல்லித் தூண்டுகிறான், இந்தப் பெண்களே இப்படித்தான் என்று கத்துகிறான். அந்த எஜமானே அவனைத் தத்தெடுக்கிறார்.

கொல்லப்பட்ட பெண்களில் ஒருத்திக்காவது இப்படி ஒரு பின்கதை உண்டா? அவர்கள் வருகிறார்கள், சிரிக்கிறார்கள், அவன் ஆசை வார்த்தைக்கு இணங்குகிறார்கள், சாகிறார்கள். இணங்கியதே அவர்களுடைய பின்கதை. கொலைகாரனின் காரணத்தைப் புரிந்துகொள்ளப் படம் எடுத்துக்கொண்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர்களுக்காகச் செலவிடவில்லை. நாம் படத்தை விட்டு வரும்போது திலீப்புக்காக ஒரு ‘ச்சு’ கொட்டிவிட்டுத்தான் வருகிறோம்.

இது 1978-ஓடு முடிந்திருந்தால் பழைய படம் என்று விட்டுவிடலாம். 2004-இல் ‘மன்மதன்’ வந்தது. அதில் காதலில் ஏமாற்றும் பெண்களைக் கொல்வதற்கு ஒரு தம்பியின் சோகம் காரணமாகிறது. 2011-இல் ‘நடுநிசி நாய்கள்’, 2020-இல் மிஷ்கினின் ‘சைக்கோ’. காலம் மாறினாலும் கொலைகாரனுக்குக் கண்ணீர் வரவழைக்கும் ஓர் இளமைப் பருவம் கிடைத்துவிடுகிறது. பெண்களுக்குக் கிடைப்பது சவப்பெட்டி. குழந்தைகள் மீதான வன்முறை மனிதர்களைச் சிதைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அடிபட்டும் சீண்டப்பட்டும் வளர்ந்த பெண் குழந்தைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்களைப் புதைத்துப் பூச்செடி வைப்பதாக நம் சினிமாவுக்கு ஏன் கதை வருவதில்லை என்றுதான் கேட்கிறேன்.

அந்தச் சிறுவன் கத்தும் வசனம் இன்று கேலிப்பேச்சாகிவிட்டது. மீம்களில் வருகிறது, பட்டிமன்ற மேடையில் வருகிறது. நான் பாடம் நடத்தும் இடத்தில் ஒரு மாணவி, தன்னிடம் காதலைச் சொன்ன ஒருவனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவனுடைய நண்பர்கள் நாலு பேர் அவளைப் பார்த்து அந்த வசனத்தை ராகம் போட்டுச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். “சும்மா காமெடிதான் மேடம், ஆனா நான் அன்னைக்கு பஸ்ஸுல ஏறல, அப்பாவ வரச் சொல்லிட்டேன்” என்றாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அது ஒரு பெண்ணைக் குத்தும் காட்சியின் வசனம் என்று அவளுக்குத் தெரியாது. பயம் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

*

இனி சாரதா. ஸ்ரீதேவி பிறந்தது 1963-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்தப் படம் வெளியானபோது அவருக்கு 15 வயது. முதலிரவும் கணவனின் மேல் சந்தேகமும் உயிர் பயமும் நடித்துக் காட்டுகிற அந்த முகம் பத்தாம் வகுப்புப் படிக்க வேண்டிய பிள்ளையின் முகம். அந்த நடிப்பைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் திகில் படங்களை ஆராய்ந்த கேரல் குளோவர் 1992-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் படங்களில் கடைசியில் உயிரோடு மிஞ்சும் பெண்ணை அவர் ‘கடைசிப் பெண்’ என்கிறார். மற்றவர்களைப்போல் ஆண் நண்பனோடு திரியாதவள், எச்சரிக்கையானவள், கவனிப்பவள் அவள். ‘ஹாலோவீனி’ல் வரும் லாரி அப்படித்தான். கையில் கிடைத்த பின்னல் ஊசியையும் துணி மாட்டும் கம்பியையும் ஆயுதமாக்கிச் சண்டை போட்டுப் பிழைக்கிறாள்.

நம்முடைய சாரதாவும் கடைசிப் பெண்தான். தாலிக்கு முன்னால் தொடக்கூடாது என்றதால் பிழைத்தவள். ஒழுக்கமானவள் பிழைப்பாள் என்ற கணக்கு இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருக்கிறது. வித்தியாசம் முடிவில் இருக்கிறது. லாரிக்கு அந்த முகமூடிக்காரனோடு எந்த உறவும் இல்லை. சாரதாவுக்கு அவன் புருஷன். படத்தின் கடைசியில் திலீப் சிறையில், புத்தி பேதலித்து, சாரதா என்ற பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் அவனுக்காகக் காத்திருக்கிறாள்.

ஐரோப்பாவில் ‘நீலத்தாடிக்காரன்’ என்றொரு பழங்கதை உண்டு. சார்ல் பெரோ 1697-இல் அதை அச்சிட்டார். ஒரு பணக்காரன் புது மனைவியிடம் வீட்டுச் சாவிகளைக் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறக்காதே என்கிறான். அவள் திறக்கிறாள். உள்ளே முந்தைய மனைவிகளின் பிணங்கள். கடைசி நேரத்தில் அவளுடைய அண்ணன்மார் வந்து அவனைக் கொல்கிறார்கள். அவன் சொத்தெல்லாம் அவளுக்கு வருகிறது, அதை வைத்து வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்கிறாள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் கதையில்கூடத் தேடி வரப் பிறந்த வீட்டு ஆள் இருந்தார்கள். சாரதாவுக்கு மிஞ்சுவது காத்திருப்பு. கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் தாலியைக் கழற்ற அவளுக்குப் படம் அனுமதி தரவில்லை. தோட்டத்துக்கு அடியில் கிடப்பவர்கள் செத்துப் புதைந்தவர்கள், சாரதா உயிரோடு புதைந்தவள்.

ஒன்றை மட்டும் நான் இந்தப் படத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். சுவரில் எழுதியதைப் படிப்பவளாக ஒரு பெண்ணைக் காட்டியது. அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தன் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்கிறாள் ஒரு துணிக்கடைப் பெண். ஆனால் சுவரில் இருப்பதும் அவன் கதைதான். அவளுக்குப் படிக்கக் கிடைத்தது கொலைகாரனின் டைரி மட்டும்.

*

1994-இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ வந்தது. எனக்கு அப்போது பதினாறு வயதிருக்கும். பெண் சிசுக்கொலையைப் பற்றிய படம். குடும்ப நலத்துக்கான தேசிய விருது வாங்கியது. எங்கள் வீட்டிலிருந்து பெரிய படையே தியேட்டருக்குப் போனது. அப்பத்தாவும் வந்தது.

கருவிலும் தொட்டிலிலும் பெண் பிள்ளைகள் செத்தது எங்கள் பக்கத்துக்குப் புதுச் செய்தி இல்லை. தேனியிலிருந்து மதுரை போகும் பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டி வழியாகத்தான் போகும். 1986-இல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்ட பிறகு அந்த ஊர்ப் பெயரே ஒரு வசவாகிவிட்டது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001-இல் அது தேனி, மதுரை, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டமும் ‘கருத்தம்மா’ வந்த அதே 1994-இல்தான் நிறைவேறியது.

அந்தப் பேய்ப் பங்களாப் படத்தை விடிய விடியக் கண் கொட்டாமல் பார்த்து, நிதானமாகக் கேள்வியும் கேட்ட என் அப்பத்தாவால் ‘கருத்தம்மா’வைப் பாதிகூடப் பார்க்க முடியவில்லை. “தலைய வலிக்குது, நீங்க இருந்து பாத்துட்டு வாங்க” என்று எழுந்தது. நான் துணைக்குப் போனேன். தியேட்டருக்கு வெளியே சோடாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது.

எது திகில் படம் என்ற கேள்வி எனக்கு அந்தப் பெஞ்சில் தொடங்கியது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ திகில் படம், ‘கருத்தம்மா’ சமூகப் படம் என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டைப் பற்றிப் பேசுவது தெரியும். வேண்டாத பெண்ணைக் கொன்று வீட்டு மண்ணிலேயே புதைக்கிறார்கள். வீட்டுப் பெரியவர் அதற்குச் சம்மதிக்கிறார், தூண்டுகிறார். ஒருத்தரும் தேடி வருவதில்லை. முதல் படத்தில் அதைச் செய்பவன் பைத்தியம், பணக்காரன், எங்கோ பட்டணத்தில் இருப்பவன். அதனால் நாங்கள் பாயில் படுத்துக்கொண்டு பார்க்க முடிந்தது. இரண்டாவது படத்தில் செய்பவர்கள் எங்கள் பேச்சு பேசினார்கள். முதல் படத்தில் சின்ன வேடத்தில் வந்த வடிவுக்கரசி இரண்டாவதில் ஈவிரக்கமில்லாத மாமியாராக வந்தார்.

‘கருத்தம்மா’விடமும் எனக்குச் சண்டை உண்டு. கொல்லாமல் காப்பாற்றப்பட்ட பெண் குழந்தை வளர்ந்து மருத்துவராக வருகிறாள். அவள் பெயர் ரோஸி. முடங்கிக் கிடக்கும் தகப்பனுக்கு அவளே வைத்தியம் பார்க்கிறாள். பார், எந்தப் பெண்ணை வேண்டாம் என்றாயோ அவள்தான் உனக்குக் கஞ்சி ஊற்றுகிறாள் என்று படம் நெகிழ்கிறது. ஊரே அழுதது. அவள் டாக்டராகாமல் பத்தாவது பெயிலாகி, ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போயிருந்தால்? தகப்பனைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தால்? அப்போதும் அவள் உயிரோடு இருக்கத் தகுதியானவள்தானே? சாரதாவை ஒழுக்கம் காப்பாற்றியது, ரோஸியைப் பயன் நியாயப்படுத்துகிறது. சும்மா உயிரோடு இருப்பதற்கு ஒரு பெண்ணுக்குக் காரணம் தேவைப்படாத படம் இரண்டுமே இல்லை.

*

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. வேப்ப மரத்துக்கும் கொட்டத்துக்கும் நடுவில், துவைக்கத் தோதில்லாத இடத்தில் கிடந்தது. அப்பா பாத்ரூம் கட்ட அந்த இடத்தைத்தான் பார்த்தார். எதற்கும் மகனை எதிர்த்துப் பேசாத அப்பத்தா அன்று கல்லின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. “இத நகட்டக் கூடாது” என்றது. ஏன் என்று அப்பா கேட்டார், பதில் இல்லை. பாத்ரூம் வேறு மூலைக்குப் போனது.

அப்பத்தா தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது சில சமயம் ஏழு என்று சொல்லும். எங்களுக்குத் தெரிந்து ஐந்து பேர்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகள் காய்ச்சலில் போவார்கள், பேதியில் போவார்கள். அப்படியும் இருக்கலாம். அது வெறும் கல்லாகவும் இருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பத்தா போய் இருபது வருடம் ஆகிறது. படித்தவள், பெண்ணியம் பேசுகிறவள், அருகிலேயே வளர்ந்தவள் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பங்களா வாசலுக்கு ஒருத்தரும் வராததைப் பற்றி எழுதும்போது இதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் மாணவிகளோடு ‘சிகப்பு ரோஜாக்கள்’ பார்ப்பதுண்டு. பார்த்து முடித்ததும் ஒரு வேலை கொடுப்பேன். தோட்டத்தில் கிடப்பவர்களில் ஒருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள், அவளுக்குப் பெயர் வையுங்கள், அவளைத் தேடி யார் வருவார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். போலீஸ் வரக்கூடாது, கதாநாயகன் வரக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. தங்கை வருவதாக எழுதுவார்கள், ஹாஸ்டல் அறைத் தோழி வருவதாக எழுதுவார்கள். ஒருத்தி, கடன் கொடுத்த பால்காரம்மா வருவதாக எழுதினாள்.

போன வருடம் கூடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியது இது. அம்மா பஸ் மாறி மாறி வருகிறாள். மகளுக்குப் பிடிக்கும் என்று ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்திருக்கிறாள். கேட்டுக்குள்ளிருந்து தோட்டக்காரன், அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறான். “சரிப்பா, வர்றவரைக்கும் இருக்கேன்” என்று அம்மா வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். மறுநாளும் இருக்கிறாள். மூன்றாம் நாள், எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக் கேட்கிறாள்: “ஏம்மா, யாரத் தேடி வந்திருக்கீங்க?”

அதோடு அவளுடைய பக்கம் முடிந்துவிட்டது.